வயர் பையில இருக்கா?

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது எனக்கு நடந்தது. யாராவது பேய் என்று ஆரம்பித்தாலே, "முதல்ல ஃபியூஸைப் பாருங்க" என்று வாயை அடைக்கிற ஆள் நான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதுதான் என் பிழைப்பு. இது நடந்தது ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில்.

கடை எங்கள் அண்ணனுடையது. முன்னால் உட்கார்ந்து வாய் வேலை பார்ப்பது அவன், பின்னால் கை வேலை பார்ப்பது நான். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவே அவன்தான் சொல்லிக்கொடுத்தான். எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை டப்பாவைத் திறக்கிறவர், அதன் கரண்ட் வயரை முதலில் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வயர் நம் பையில் இருந்தால், நம் கை உள்ளே இருக்கும்போது யாரும் தெரியாமல் சொருகிவிட முடியாது. நான் ஒவ்வொரு டப்பாவைத் தொடும்போதும் அண்ணன் முன்னாலிருந்து குரல் கொடுப்பான்: "வயர் பையில இருக்கா?" "இருக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. அவ்வளவு அக்கறை. எங்கள் வயர் எல்லாவற்றிலும் அடையாளத்துக்கு அவனே சிவப்பு டேப் சுற்றி வைப்பான்.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறவர் ஒருவர் இருந்தார். பக்கத்துத் தெரு போட்டோ ஸ்டூடியோக்காரர். "ஆபரேஷன் தியேட்டர் தோத்துப்போச்சு" என்பார். என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். பேசுவதற்கு முன்னால் "க்ஹும்" என்று தொண்டையைச் செருமுகிற பழக்கம் அவருக்கு. மூன்று மாதத்துக்கு முன்னால் தன் பிரிண்டிங் அறையில், கம்ப்யூட்டர் முன்னாலேயே விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு என்று அண்ணன்தான் வந்து சொன்னான். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இது நடந்த அன்றைக்கு மதியம் மூன்று மணி இருக்கும். போனை வைத்துவிட்டு அண்ணன் என் பக்கம் வந்தான். ஸ்டூடியோ அக்கா, அவருடைய மனைவி, கூப்பிட்டார்களாம். அவருடைய கம்ப்யூட்டரை விற்கப் போகிறார்களாம். பவர் சப்ளை ஃபேன் இரைகிறதாம். "ஃபேனை மட்டும் மாத்திட்டு வந்துடறேன்" என்றேன். வேண்டாம், புது டப்பாவே போடு, பழசை அங்கே விடாதே, கையோடு எடுத்து வா என்றான். நூறு ரூபாய் ஃபேனுக்குப் புது டப்பாவா? எங்கள் அண்ணன் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவன் முகம் வெளிறியிருந்தது. கேட்டதற்கு, தலைவலி என்றான்.

ஸ்டூடியோ அக்கா கதவைத் திறந்ததும், "அண்ணன் வரலையா?" என்றார்கள். விற்பதற்கு முன்னால் தானே வந்து சரி செய்து தருவதாக அவன் துக்கத்துக்கு வந்த அன்றே சொல்லியிருந்தானாம். பிரிண்டிங் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். கூட வரவில்லை. அந்த அறையை அவர் போன அன்றைக்குப் பூட்டியது, அதற்குப் பிறகு திறக்கவே இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

பூட்டில் சாவியை வைத்தேன்.

உள்ளே ஃபேன் சத்தம் கேட்டது.

கர்... கர்... கர்... என்று, தேய்ந்த ஃபேன் இரைகிற அதே சத்தம். யாரோ மிஷினை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதமாகப் பூட்டிய அறை என்பது அப்போது என் மூளையில் ஏறவில்லை.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. விளக்கு எரியவில்லை. அறைக்கான மெயின் சுவிட்சே கீழே இறக்கியிருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்தேன். சட்டப்படி முதலில் வயரைக் கழற்ற வேண்டும்.

கழற்றுவதற்கு வயரே இல்லை.

சொருகுகிற இடம் காலி. உள்ளே ஃபேன் இரைகிறது.

கரண்டை நிறுத்தினாலும் பவர் சப்ளைக்குள் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அது உண்மை. ஆனால் மூன்று மாதம் நிற்காது. கையை அருகில் வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது. சூடாக. கொஞ்சம் வரும், நிற்கும். மறுபடி வரும், நிற்கும்.

மூச்சு விடுகிற மாதிரி.

ஓடியிருக்கலாம். டப்பா இல்லாமல் போனால் அண்ணன் என்ன சொல்வான் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்திலும் அவனைத்தான் நினைத்தேன்! முதல் ஸ்க்ரூவில் கையை வைக்கப் போனேன்.

சத்தம் நின்றது.

காதுக்குப் பின்னால்...

"க்ஹும்."

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"டாக்டரம்மா... வயர் பையில இருக்கா?"

பழக்கதோஷம். என் வாய் தானாகத் திறந்தது.

"இ... இருக்கு."

பையைத் தடவினேன். புது டப்பாவுக்கு என்று நான் கொண்டுவந்த ஒரு வயர். சிவப்பு டேப். இருந்தது.

"சரி... கழட்டு."

எப்படிக் கழற்றினேன் என்று தெரியாது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வழி முழுக்க அதன் ஃபேன் என் கைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. கர்... கர்... வாசற்படி தாண்டியதும் நின்றது.

சாவியை நீட்டியபோது அக்கா என் முகத்தையே பார்த்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

கடைக்கு வந்தேன். உடம்பெல்லாம் வேர்வை. என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்கவில்லை. டப்பாவைப் பிடுங்கி மேசைக்கு அடியில் தள்ளினான். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தான். "வேற ஏதாச்சும் இருந்துச்சா?" என்றான்.

பையை மேசையில் கொட்டினேன்.

இரண்டு வயர் விழுந்தது.

இரண்டிலும் சிவப்பு டேப். ஒன்று நான் கொண்டுபோனது. இன்னொன்றின் பிளக்கில், தடியாக இருக்க வேண்டிய மூன்றாவது கால், அந்த எர்த் கால், இல்லை. யாரோ கட்டரால் வெட்டியிருந்தார்கள். தொட்டேன். சுட்டது.

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "இது... எங்க கிடைச்சுது?"

"நீ சொல்லு, இது யாரோடது?"

"இதை நான் எரிச்சுட்டேன். அவர் போன அன்னைக்கே... உருவிட்டு வந்து என் கையால எரிச்சேன்."

டப்பாவை இழுத்து நானே திறந்தேன். அவர் போவதற்கு முன்னால் அந்த ஃபேனை மாற்றியவன் தான்தான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டான். சரியான ஸ்க்ரூ கையில் இல்லை என்று, நீளமான ஒன்றை முறுக்கியிருக்கிறான். அது உள்ளே போய்க் கரண்ட் வயரின் தோலைக் கிழித்திருக்கிறது. டப்பா முழுக்கக் கரண்ட். எர்த் கால் இருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அவருடைய இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நுழைய வேண்டுமே என்று அதையும் வெட்டிக் கொடுத்திருக்கிறான். அதனால் ஷாக் அடித்து ஆள் போய்விட்டார். மாரடைப்பு என்று எங்களை நம்ப வைத்தவன் இவன்.

ஃபேனை விரலால் தள்ளினேன். அசையவில்லை. தீப்பொறியில் இறக்கை உருகி, கூட்டோடு ஒட்டிக் கிடந்தது. அது சுற்றியே மூன்று மாதம் ஆகியிருக்கும்.

அப்படியானால் அந்த அறையில் சத்தம் வருகிறது என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? டப்பாவையும் அந்த வயரையும் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி அவர்கள் கையிலேயே ஒப்படைத்தேன். வெகுநேரம் அழுதார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நான் உங்க கடைக்குப் போனே பண்ணலையேம்மா" என்றார்கள்.

திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றேன்.

"மதியம் யார் கூப்பிட்டாங்க?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "முதல்ல தொண்டையைச் செருமினார்" என்றான். "ஃபேன் சத்தம் போடுது... நீ வர்றியா, இல்ல டாக்டரம்மாவை அனுப்புறியான்னு கேட்டார்."

அவன் என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். வயர் பையில் இருக்கிறதா என்று தினமும் கேட்டவன், அன்றைக்கு என்னை அனுப்பும்போது கேட்கவில்லை. செத்தவர் கேட்டார்.

என் சாமான்களை எடுக்க ஒரே ஒருமுறை கடைக்குப் போனேன். மணி மூன்று. பெட்டியை மூடும்போது போன் அடித்தது. அண்ணன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ எடேன்" என்றான்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அது எனக்கு வந்த போன் இல்லை.