தடங்கலை எண்ணச் சொன்ன மனிதர்

செவ்வாய்க்கிழமை காலை, மில்லின் டைம் ஆபீசில் ஷிப்டு ஆட்களுக்கு வருகை போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குப்புசாமி அண்ணனின் மகள் பேசினார். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க அத்தை" என்றார். "சரி கண்ணு, வாரேன்" என்பதற்கு மேல் ஆறுதலாக ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. இத்தனை வருடமாகப் பேச்சுப் பழகுகிறவள்! வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். காந்திபுரத்தில் ஒரு டுடோரியலின் மாடியில், மாதம் இரண்டு ஞாயிறு காலை கூடும் எங்கள் பேச்சு மன்றத்தின் தூண் அவர். மன்றத்தில் ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. தலைமை தாங்க ஒருவர். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டி நேரம் பார்க்க ஒருவர். பேசி முடித்ததும் நிறைகுறை சொல்ல ஒருவர். எனக்கு வாய்த்தது யாருக்கும் பிடிக்காத வேலை. பேசுகிறவர் "ஆ...", "வந்துங்க..." என்று இழுத்தாலோ, பேச்சு தடங்கி நின்றாலோ ஒரு கோடு போட்டு, கூட்டத்தின் முடிவில் பெயர் சொல்லி எண்ணிக்கையைப் படிக்க வேண்டும்.

குப்புசாமி அண்ணன் அருவி மாதிரிப் பேசுவார். "இன்னைக்கும் நமக்கு முட்டைதானுங்களா அம்மணி?" என்று சீண்டிவிட்டுத்தான் படியிறங்குவார். எனக்கோ முன்கோபம். என்றைக்காவது மாட்டாமலா போவார் என்று காத்திருந்தேன். அப்படி நினைத்த என்னை இன்று நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறியது; பேச்சு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. ஐந்து மாதம் கழித்து மன்றத்துக்கு வந்து இரண்டு நிமிடம் பேசினார். வார்த்தைக்கு வார்த்தை நின்றது. கைதட்டல் ஓயவில்லை. நிறைகுறை சொல்ல வந்தவர் நிறையை மட்டும் சொன்னார். நானும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பட்டியல் படிக்கையில் அவர் பெயரைத் தாண்டிப் போனேன்.

மாடிப்படியில் மறித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்கம்மணி... எம் பேரை... ஏன் உட்டுப்போட்டீங்க? நானென்ன... செத்தா போயிட்டேன்?"

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். வந்தவர்களுக்கு அவருடைய தம்பியே நன்றி சொல்லட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்களாம். "எம் புள்ள கல்யாணத்துல... நாந்தானுங்க பேசோணும். எல்லாரும்... நல்லாருக்குன்னு பொய் சொல்றாங்க. நீங்களாச்சும் எண்ணுங்க."

அடுத்த கூட்டத்தில் படித்தேன்: "குப்புசாமி, நாற்பத்தொன்று." சபையே என்னை ராட்சசியைப் பார்ப்பது போலப் பார்த்தது. அவர் மட்டும் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். அதன்பின் முப்பத்தெட்டு, நாற்பத்துமூன்று, முப்பத்துமூன்று என்று ஏறி இறங்கிக்கொண்டே ஆவணி வந்துவிட்டது.

முகூர்த்தம் முடிந்ததும் தம்பி மைக்கை எடுக்கப் போனார். அண்ணன் கை நீட்டி வாங்கிக்கொண்டார். சம்பந்தி வீட்டாருக்கு, பட்டறை ஆட்களுக்கு என்று ஒவ்வொருவராக நன்றி சொல்லி வந்தவர், மனைவியின் பெயரில் வெகுநேரம் நின்றுவிட்டார். அந்த அம்மா தலை குனியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வந்தது. நான் பாழாய்ப்போன பழக்கத்தில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேடையை விட்டு இறங்கியவர் நேரே என்னிடம்தான் வந்தார். "எத்தனைங்க?"

என் வாழ்நாளில் முதல் முறையாகக் கணக்கை மாற்றினேன். "ஒம்பதுங்கண்ணா."

"பொய்யி" என்றார். "இருவத்தாறு. நானும் எண்ணீட்டேதானுங்க... பேசுனேன்."

அவர் சிரித்தபடி மண்டபத்தைக் காட்டினார். "இருவத்தாறு தடவை... நின்னுபோட்டேன். ஒருத்தராச்சும்... பந்திக்கு எந்திரிச்சுப் போனாங்களா, பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டு, பரிமாறுகிறவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை.

நீங்கள் போய் வாருங்கள் அண்ணா. எழுந்து போக மனம் வராமல் நான் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.