என் அம்மாவின் கதையை இயந்திரம் எழுதியதாம்

எனக்கு எதிரே, ஒரே மேசையில், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கிளாரா எனக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். நான் நலமாக இருப்பேன் என்று நம்புவதாக அது தொடங்கியது. குழுவுக்கு நான் அளித்துவரும் பங்களிப்பைப் பெரிதும் மதிப்பதாகத் தொடர்ந்தது. கடைசி வரியில்தான் விஷயம்: நாங்கள் சேர்ந்து தயாரிக்கும் அறிக்கையில் ஒரு படம் விடுபட்டிருக்கிறது. நான் நிமிர்ந்து, "சரி கிளாரா, சேர்த்துவிடுகிறேன்" என்று வாயால் சொன்னேன். அவள் திடுக்கிட்டுப் போனாள். "ஏதாவது பிரச்சினையா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். எனக்குக் கோபம் என்று நினைத்துவிட்டாள். அயர்லாந்தின் இந்த வணிகப் பள்ளிக்கு வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். இங்கே மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதுவதில்லை. ஒருவரின் ஏஐ எழுதுகிறது, இன்னொருவரின் ஏஐ அதைப் படித்துச் சுருக்கி, பதிலும் போட்டுவிடுகிறது. யாரும் இதை ஒளிப்பதில்லை. வகுப்பிலேயே அதைக் கையாளச் சொல்லித் தருகிறார்கள்.

நான் கேரளத்து மலையில் பீர்மேட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்து, மலைக்கு மேலேயே கல்லூரியும் முடித்து, கொச்சியில் ஒரு வங்கியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே எம்பிஏ படிக்க வந்தவள். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தந்த ஜெசிந்தா டீச்சர், எழுவாய் பயனிலை இல்லாத வாக்கியத்தைக் காதால்கூடக் கேட்க மாட்டார். "முழுசா சொல்லு" என்பார். அதனால் இன்றைக்கும் என் ஆங்கிலம் முழு வாக்கியமாகத்தான் வரும். பேசும்போது பாதி வார்த்தையை விழுங்கிவிடும் இந்த ஊரில், கடைக்காரர்கள்கூட என்னை வழக்கறிஞரா என்று கேட்டிருக்கிறார்கள். அதை ஒரு பாராட்டாகவே வைத்திருந்தேன், அந்த ஆங்கிலமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நாள் வரும்வரை.

'ஏஐ யுகத்தில் தலைமை' என்று ஒரு பாடம். எல்லா வேலையையும் இயந்திரம் எடுத்துக்கொண்டாலும் முடிவெடுக்கும் பொறுப்பு மனிதரிடமே இருக்கும், அதற்குத்தான் உங்களைத் தயார் செய்கிறோம் என்று பேராசிரியர் முதல் வகுப்பில் சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் நேரில் கண்ட ஒரு தலைவரைப் பற்றி, ஏஐ இல்லாமல் நீங்களே எழுதுங்கள் என்று பணி கொடுத்தார். மற்றவர்கள் தங்கள் கம்பெனி முதலாளிகளைப் பற்றி எழுதினார்கள். நான் என் அம்மாவைப் பற்றி எழுதினேன்.

அம்மா பெயர் புஷ்பம். தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளையும் சிறுபிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் கிரெஷில் ஆயா வேலை. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, செலவைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் கிரெஷை மூடப் போவதாகச் சொன்னது. பிள்ளைகளை எங்கே விடுவது என்று பெண்கள் கேட்டதற்கு, அது உங்கள் வீட்டுப் பிரச்சினை என்று பதில் வந்ததாம். யூனியன்காரர்கள் பேசிப் பார்க்கிறோம் என்றார்கள். அம்மா லயம் லயமாகப் போய்ப் பேசினார். மறுநாள் காலையில் மழை. பெண்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மானேஜர் ஆபீசுக்கு நடந்தார்கள். வராந்தாவில் பாய் விரித்தார்கள். பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள், உட்கார வைத்தார்கள். பால் புட்டி, மாற்றுத் துணி எல்லாம் பக்கத்தில் வைத்தார்கள். "கொஞ்சம் பாத்துக்கோங்க சார், சாயந்தரம் வந்து கூட்டிக்கிறோம்" என்று அம்மா சொல்லிவிட்டு, எல்லாரும் ஒழுங்காக வேலைக்குப் போய்விட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. வேலை நிறுத்தமும் இல்லை. யார் மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது.

அந்த வராந்தாவில் நானும் இருந்தேன். ஒரு குழந்தை அழுதால் மற்றதெல்லாம் அழுததும், கிளார்க் ஒருவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த படங்களைக் காட்டி எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்ததும் நினைவிருக்கிறது. மானேஜர் வெளியே வந்தார். நல்ல உயரமான ஆள். ஒரு பிள்ளை அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே போன் பேசினார். மத்தியானத்துக்குள் கிரெஷ் திறந்துவிட்டது.

இதைத்தான் எழுதினேன். இரண்டு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஜெசிந்தா டீச்சர் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்து யோசித்து எழுதினேன். ஏஐயைத் தொடவில்லை. அம்மாவைப் பற்றி எழுத அதனிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, மாணவர்கள் ஏமாற்றினால் விசாரிக்கும் நேர்மைக் குழுவிடமிருந்து அழைப்பு மடல் வந்தது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் இன்னொரு இயந்திரத்தில், கண்டுபிடிப்பானில், பேராசிரியர் போட்டுப் பார்த்திருக்கிறார். அது என் கட்டுரையைப் பார்த்து, பெரும்பகுதியை மனிதர் எழுதியிருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டதாம். வாக்கியங்கள் மிகச் சீராக இருக்கின்றனவாம். மடலை இன்னொரு முறை படித்தேன். கேரளத்து அரசு ஆபீசில் என்னைத் தமிழத்தி என்பார்கள். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கம்பத்தில் இருக்கும் என் சொந்த சித்தி வீட்டிலேயே நாங்கள் மலையாளத்துக்காரர்கள். இங்கே வந்தபின் இந்தியாக்காரி. எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் மனுஷியே இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

என் வகுப்பில் கிருஷ்ணன் என்றொரு பையன், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன். நாங்கள் இருவருமே கேரளத்துத் தமிழர்கள் என்றாலும், அவன் தமிழும் என் தமிழும் சந்திக்க இத்தனை தூரம் விமானத்தில் வரவேண்டியிருந்தது. அவனிடம் சொன்னேன்.

"எதுக்கு வம்பு ஸ்டெல்லா? ஒத்துண்டுடு. முதல் தடவைன்னா வார்னிங்கோட விட்டுடுவா. எதுத்து நின்னு தோத்தா ரெக்கார்டுல ஏறிடும், அப்புறம் வேலை கிடைக்காது" என்றான்.

"செய்யாததை எப்படி ஒத்துக்கிறது?"

"இங்க பாதிப் பேர் செஞ்சுட்டு மாட்டிக்காம இருக்கா. நீ செய்யாம மாட்டிண்டிருக்கே. அவ்வளவுதான் வித்யாசம்."

அவன் சொன்னது கணக்காக இருந்தது, அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். "சரி, துணைக்கு நான் வரேன்" என்றான்.

கண்ணாடிச் சுவர் வைத்த அறை. குழுவின் தலைவி பிரெண்டா என்ற பெண்மணி, மிக இனிமையானவர். தேநீர் வேண்டுமா என்று முதலில் கேட்டார். பிறகு, எழுத்து நடை மட்டுமல்ல, சம்பவமும் கற்பனை போல இருப்பதாகக் குழு கருதுகிறது என்றார். இவ்வளவு கச்சிதமான போராட்டம் நிஜத்தில் நடக்குமா என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். ஏழைத் தொழிலாளிகள் அழுதிருந்தால், அடிபட்டிருந்தால் நம்பியிருப்பார்கள் போலிருக்கிறது. அவர்கள் யோசித்து ஜெயித்தது என்பதுதான் சந்தேகமாக இருக்கிறது. "என் அம்மாவையே கேளுங்கள்" என்றேன். சாட்சியை அழைக்க விதி இடம் கொடுக்கிறது என்று பிரெண்டா ஒப்புக்கொண்டு, அடுத்த வாரம் அம்மாவை வீடியோவில் அழைக்க நாள் குறித்தார்.

மொழிபெயர்க்கக் கிருஷ்ணன் முன்வந்தான். அவன் எனக்கு வேண்டியவன், நடுநிலை இருக்காது, நாங்கள் செயலியைப் பயன்படுத்துகிறோம் என்றார்கள். செயலியில் கேரளா என்றதும் மலையாளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். என் அம்மா பேசுவது தமிழ் என்று சொல்லி மாற்ற வைப்பதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் பீர்மேட்டில் அம்மா போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தார். சிக்னலுக்காக மேலே ரோட்டு வளைவுக்கு வந்திருந்தார், பஸ் நிறுத்தத்துத் தகரக் கூரையில் மழைச் சத்தம்.

உங்கள் மகள் எழுதிய கதை அவளுடைய சொந்தக் கதையா என்று செயலி கரகரவென்று ஒரு மேடைத் தமிழில் கேட்டது. அம்மா அதை ஒரு ஆள் என்று நினைத்து, மரியாதையாகப் பதில் சொன்னார்.

"அவ என்ன எழுதுனான்னு எனக்குத் தெரியாது சார். ஆனா அந்தக் கதை அவளோடது இல்ல, எங்களோடது. நாங்க அத்தன பேரும் சேந்து செஞ்சது. நான் ஒருத்தி செஞ்சேன்னு அவ எழுதியிருந்தா அது தப்பு."

மழைச் சத்தத்தில் செயலி எதைப் பிடித்தது, எதை விட்டது என்று தெரியாது. திரையில் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் வந்தது. அவள் எழுதியது எனக்குத் தெரியாது. அந்தக் கதை அவளுடையது இல்லை. அவள் எழுதியது தப்பு.

பிரெண்டா கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. பெற்ற தாயே காட்டிக்கொடுத்துவிட்டாளே என்ற வருத்தம். கிருஷ்ணன் எழுந்துவிட்டான். ஒத்துக்கொண்டு போய்விடு என்று சொன்ன அதே கிருஷ்ணன், காது சிவக்க, அந்த அம்மா சொன்னது இது இல்லை, இது அநியாயம் என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டான். உட்காரும்படி சொன்னார்கள். போனில் அம்மா, "ஏட்டி, நான் சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டார். "சரியாத்தாம்மா சொன்னீங்க" என்றேன். பிறகு பிரெண்டாவிடம், இந்தப் பதிவை ஒரு மனிதர் கேட்டு மொழிபெயர்க்காமல் தீர்ப்பு எழுதினால் நான் பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டுக்குப் போவேன், அங்கேயும் கிடைக்காவிட்டால் வெளியே போவேன் என்றேன். முழு வாக்கியங்களில் சொன்னேன்.

ஒத்திவைத்தார்கள். சில வாரம் கழித்து லண்டனிலிருந்து போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர், பதிவைக் கேட்டு அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லி முடித்ததும், விதிப்படி பேசக்கூடாது என்றாலும் ஒன்று சொல்கிறேன், இந்த அம்மா தன் மகளையே திருத்துகிறார், தன்னைப் புகழ விடமாட்டேன் என்கிறார், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டாராம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. நான் குற்றமற்றவள் என்று வரவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லயத்துப் பிள்ளைக்கும் தெரியும். மன்னிப்பு கேட்டு எழுதித் தாருங்கள் என்றேன். அதற்குப் படிவம் எதுவும் இல்லை என்றார்கள். பிரெண்டா நடைவழியில் என் தோளைத் தொட்டு, "யூ ஆர் கிராண்ட் நவ்" என்றார். நான் நன்றி என்றேன். பெரிய ஆள் என்று சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊரில் அதற்கு அர்த்தம், போகட்டும் விடு, என்று கிருஷ்ணன்தான் பிறகு சொன்னான்.

பேராசிரியர் கட்டுரைக்கு மதிப்பெண்ணும் ஒரு பத்தி கருத்தும் அனுப்பினார். கிருஷ்ணன் தன் பழைய மேலதிகாரியைப் பற்றி எழுதியதற்கு வந்த கருத்தை என் கருத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றே. நடுவில் ஆள் பெயர் மட்டும் மாறியிருந்தது. அதை எந்த இயந்திரமும் சோதிக்கவில்லை. மாணவர் இயந்திரத்தை வைத்து எழுதினால் குற்றம், ஆசிரியர் எழுதினால் நேரச் சேமிப்பு.

இங்கே படிக்க வரப்போகும் பிள்ளைகளுக்காகவும், அனுப்பிவைக்கப்போகும் வீடுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். முடிவெடுக்கும் பொறுப்பு மனிதருடையது என்று சொல்லித் தருகிற இடத்தில், முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தபோது ஒவ்வொருவரும் திரையைத்தான் காட்டினார்கள். பேராசிரியர் கண்டுபிடிப்பானைக் காட்டினார். குழு செயலியைக் காட்டியது. யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் தோட்டத்து மானேஜர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் எடுத்த முடிவு அவர் வராந்தாவிலேயே வந்து படுத்தது, அவர் கால்சட்டையைப் பிடித்தது, அவர் இடுப்பில் ஏறி அழுதது. இங்கே எந்த வராந்தாவில் கொண்டுபோய் எதை விடுவது?

படிப்பு முடியும் தறுவாயில் விடுமுறைக்கு ஊர் வந்தேன். வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஒரு கம்பெனியின் முதல் சுற்று நேர்காணல் அப்போதுதான் வந்தது. கேட்பதும் மதிப்பிடுவதும் ஏஐ. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே ரோட்டு வளைவில்தான் கிடைக்கும். காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு காதில் இயர்போனைச் செருகி, மஞ்சு என்று நாங்கள் சொல்லும் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த வளைவில் நின்றேன். நீங்கள் தலைமை தாங்கிய ஒரு தருணத்தைச் சொல்லுங்கள் என்றது குரல். சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிய பெண்கள் கொழுந்தெடுக்கப் படியேறி வந்தார்கள்.

"ஏட்டி ஸ்டெல்லா, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு யாருகிட்ட பேசுற?" என்று பக்கத்து லயத்து மரியம்மக்கா கேட்டார்.

ஒரு காதில் குரல் நின்றது. பின்னணியில் வேறு பேச்சு கேட்கிறது, நீங்கள் தனியாக இருக்கிறீர்களா, உறுதி செய்யுங்கள் என்றது. திரையின் மூலையில் விநாடிகள் ஓடின. மரியம்மக்கா பதிலுக்காக நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் நின்றார்கள்.

"யாருமில்லக்கா" என்று அவரிடம் சொன்னேன். திரும்பி, "நோ, ஐ ஆம் நாட் அலோன்" என்று போனிடம் சொன்னேன். குரல் நன்றி சொல்லி நேர்காணலை முடித்துக்கொண்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே மஞ்சுக்குள் ஏறிப் போனார்கள். நான் ஒரு காதை அடைத்து, ஒரு காதைத் திறந்து, கோட்டோடு அந்த வளைவிலேயே நின்றிருந்தேன்.