கடையைப் பூட்டாத முதலாளி

விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் செய்தி வந்தது. கோவில்பட்டியில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்த சண்முகவேல் அண்ணாச்சி, கடையிலேயே சரிந்து விழுந்து இறந்துவிட்டார்கள். போனில் சொன்ன பக்கத்துக் கடைக்காரர், "வேலை பாக்கும்போதே போயிட்டாவ, கொடுத்து வச்ச சாவு" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். துக்கத்தைவிட அந்தப் பேச்சுதான் உறுத்தியது.

அண்ணாச்சியும் நானும் பஞ்சாலையில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில், தன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு அண்ணாச்சி லீவு கேட்டபோது மேஸ்திரி முகத்திலடித்த மாதிரி மறுத்துவிட்டார். மறுவாரமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணாச்சி வெளியே வந்தார்கள். கடை திறந்த அன்று தேங்காயை உடைத்துவிட்டு என்னிடம், "ஏ தம்பி, இனி எவன்ட்டயும் லீவு கேட்டு நிக்க வேண்டாம்லா" என்றார்கள்.

ஊர் அண்ணாச்சியை முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்த வார்த்தையில் அவர்கள் மயங்கித்தான் போனார்கள். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கைவேலை அத்தனை சுத்தம். அதுவே வினையாயிற்று. சம்பளத்துக்கு ஆள் வைத்தால், ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து மோட்டாரைத் தூக்கி வரும் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள், முதலாளி கையால் கட்டினால்தான் வைத்துவிட்டுப் போவோம் என்று நின்றுகொள்வார்கள். அண்ணாச்சி பூரித்துப் போவார்கள். ஆளை எழுப்பிவிட்டுத் தானே உட்காருவார்கள். வேலையில் கை வைக்க விடாத இடத்தில் எவன் நிற்பான்? வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

என் மகள் கல்யாணத்துக்குக் கையில் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் பிசுக்கோடு வந்து, தாலி கட்டியதும் சாப்பிடாமல் கிளம்பினார்கள். வாசலில் மறித்துச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க இல்லாம ஓடுனாத்தான் அது தொழிலு. நீங்க செய்யுதது வேலை. மில்லுலயாவது ஷிப்டு முடிஞ்சா விட்ருவான்."

"ஒரு நா பூட்டுனா எதுத்த கடைக்குப் போயிருவாம்லா. போனவன் திரும்பி வருவானா?"

ஒரு மேஸ்திரியை விட்டு வந்த அண்ணாச்சிக்கு ஊரெல்லாம் மேஸ்திரி. அதில் ஈவிரக்கமில்லாத மேஸ்திரி அண்ணாச்சிக்குள்ளேயே இருந்தார்.

போன மாதம் அண்ணாச்சிக்கு நெஞ்சு வலித்தது. உடனே திருநெல்வேலிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார் டாக்டர். கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் முடித்துக் கொடுக்க வேண்டிய மோட்டார்கள் கடை நிறையக் கிடந்தன. அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதனி, அழுது பார்த்தார்கள். நான் போய்ச் சத்தம் போட்டேன். கொடை முடியட்டும், போகிறேன் என்பதுதான் பதில். மில்லில் இருந்திருந்தால் டாக்டர் சீட்டை நீட்டிவிட்டுப் போய்ப் படுத்திருப்பார்கள். முதலாளிக்கு லீவு கொடுக்க ஆள் இல்லை.

துக்கம் கேட்கப் போன துஷ்டி வீட்டில் வியாபாரிகள் சங்கத்துக்காரர் பேசினார். கடைசி மூச்சுவரை கடையைப் பூட்டாத தொழிலதிபராம். சுவரொட்டியிலும் அதையே அச்சடித்திருந்தார்கள். ஒரு மனிதரைக் கொன்றது எதுவோ அதையே மாலையாகக் கட்டி அண்ணாச்சி கழுத்தில் போட்டார்கள். கூட்டம் தலையாட்டியது. சீ என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. பாடைத் தேரைத் தூக்கியதும் மதனி தெருமுனை வரை வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, வியாபாரி ஒருவரின் உடல் தெருவைத் தாண்டும்வரை எல்லாக் கடைகளையும் சாத்திவிடுவார்கள். எதிர்த்த காயில் கடை உட்பட வரிசையாக ஷட்டர்கள் இறங்கின. மதனி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

"இம்புட்டுப் பேரும் இப்பம் பூட்டத்தான செய்தாவ. என்ன கொறஞ்சு போச்சு?"

ஊர்வலம் முனை திரும்பியதும் ஷட்டர்களை மேலே தூக்கிவிட்டு அவரவர் உள்ளே போனார்கள்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. உங்களைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. அழத்தான் வருகிறது.