இழுத்தும் சுழலாத விமானம்

எட்டு வருடம் இருக்கும். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் கடைசி வருடம். நீரிலும் நிலத்திலும் இறங்கும் குட்டி விமானம் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து ரிமோட் விமானம் ஒன்று செய்தோம். மூன்று பையன்கள், ஒரு பெண். ஓட்டுவது நான்.

ராஜபாளையத்தில் நண்பன் வீட்டு மாடியில் செய்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க்குப் பஸ்ஸில் கொண்டுபோவோம். "இம்புட்டுப் பெரிய இறக்கைய வச்சுக்கிட்டு எதுக்குப்பா டிக்கெட் எடுக்கிய?" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். அந்த நாட்கள் இனி வரப்போவதில்லை.

முதல் தடவை பறந்தபோது வேகம் குறைந்து மூக்கு தாழ்ந்தது. பயந்துபோய், மூக்கைத் தூக்க ரிமோட்டில் இருக்கும் குச்சியை முழுசாக என் பக்கம் இழுத்தேன். இருந்த வேகமும் போய் ஒரு இறக்கை சரிந்து, விமானம் பம்பரமாகச் சுழன்று சேற்றில் குத்தியது. "ஒனக்கு ஓட்டத் தெரியலல" என்று மற்ற இரண்டு பையன்களும் என்னைப் பிடுங்கித் தின்றார்கள். ரிமோட்டைக் கண்மாயில் எறியலாம் போலிருந்தது.

அந்தப் பெண் மட்டும் திட்டவில்லை. உடைந்த இறக்கையை ஒட்டினாள். நுனிப் பக்கம் மட்டும் முன்விளிம்பில் தெர்மாகோல் வைத்துக் கீழே வளைத்துவிட்டாள். வேகம் குறைந்தால் இறக்கையின் உள்பக்கம்தான் முதலில் தளரும், நுனி தாங்கிக்கொள்ளும், சுழலாது என்றாள். பார்க்க அசிங்கமாக இருந்தது.

"இனிமே இழுக்க மாட்டேன்" என்றேன்.

"இழுக்கத்தாம்ல செய்வ. பயந்தா எவனும் இழுப்பான். அதுக்குத்தான் இது."

அடுத்த முறை விமானம் தாழ்வாகத் திரும்பியது. கோரை மறைவிலிருந்து, லாரி டியூபில் மிதந்து மீன் பிடிக்கிறவர் ஒருவர் வெளியே வந்தார். நேராக அவர் மேலே போகிறது. இழுத்தேன். முழுசாக, அதே மாதிரி. விமானம் ஏறி, அவர் தலைக்கு மேலே வேகம் செத்துத் திணறியது. சுழன்றால் அவர் மண்டைதான்.

சுழலவில்லை. மூக்கைத் தூக்கியபடி, இறக்கை சாயாமல் அவரைத் தாண்டிப்போய்த் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தது.

"ஏலே! தலையில விழுந்திருந்தா எம்பொண்டாட்டிக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?" என்று கத்தினார். பொறவு அவரே அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆனா நல்லாத்தாம்ல உக்காருது" என்றார்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. நான் ஒரு மில்லில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். யாருக்காவது கை நசுங்கினால், "கவனமா இருந்திருக்கணும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுசன் பயப்படுவான், பதறுவான். அதை நினைக்காமல் ஒரு பொருளைச் செய்கிறவன் மேல்தான் என் கோபமெல்லாம், இன்றைக்கும்.