புனல் குலுக்கும் சத்தம்

அர்த்தநாரி பொய்யே சொல்லாதவர் அல்ல. ஒரு பொய் சொல்லித்தான் இதில் மாட்டிக்கொண்டார். ஆனால் 1981 மார்ச்சில், பட்டப்பகலில் அவருக்கு நேர்ந்த இது பொய் இல்லை. தேதியும் மணியும் இன்றும் அவருக்கு மனப்பாடம்.

சேந்தமங்கலம் சாலையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவர் கெமிஸ்ட். பழைய காந்தங்களை அமிலத்தில் கரைத்து, கோபால்ட்டைப் பிரித்தெடுக்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. அமீன் என்ற ரசாயனத்தைப் பென்சீனில் கலந்து, அமிலக் கரைசலோடு கண்ணாடிப் பிரிபுனலில் ஊற்றிக் குலுக்க வேண்டும். நிக்கல் பச்சையாகக் கீழே தங்கிவிடும். கோபால்ட் மட்டும் நீலமாக மேலே ஏறும். ஐந்து நிமிடம் குலுக்கி, குழாயைத் திறந்து காற்றை விட வேண்டும். அங்கே கூலி வேலைக்கு வந்த அங்கம்மாள் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தாள். ஜன்னல் இல்லாத அறையில்.

பென்சீன் ரத்தத்தைக் கெடுக்கும் என்று அவர் படித்திருந்தார். அவள் கேட்டபோது, "பெட்ரோல் மாதிரிதான், ஒண்ணும் பண்ணாது" என்றார். அவளுக்குப் பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். டாக்டரிடம் காட்ட ஒரு சீட்டுக்கூட எழுதித் தரவில்லை.

மார்ச் 10, செவ்வாய். காலை 11.20. கரண்ட் போயிற்று. விசிறி நின்ற அமைதியில், பூட்டிக் கிடந்த அந்த அறைக்குள்ளிருந்து...

சளக்... சளக்... சளக்...

ஐந்து நிமிடம். பிறகு 'புஸ்' என்று காற்று விடும் சத்தம்.

திறந்து பார்த்தார். ஆள் இல்லை. ஸ்டாண்டில் பிரிபுனல் காலியாக, காய்ந்து கிடந்தது. கழுத்து மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்ததுபோல.

புதன், 11.20. அதே சத்தம். வியாழனும் அதே. அங்கம்மாள் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்.

வெள்ளியன்று அறைக்குள்ளேயே நின்றார்.

11.20.

சளக்... சளக்... முகத்துக்கு நேரே.

புஸ்.

"போதுமுங்களா?"

அவள் குரல்தான்.

"போதும்" என்றார். "போதும், அங்கம்மா."

அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை, உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவள் வீட்டுக்குப் போனார். புருஷன் ரங்கன் மொட்டைத் தலையோடு பாய் போட்டு உட்காரவைத்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து நினைவில்லாமல் கிடந்தாளாம். முற்பகலானால் இரண்டு கையும் எதையோ பிடித்துக் குலுக்குமாம்.

"போதுமுங்களா, போதுமுங்களான்னு கேப்பாளுங்க. யாரக் கேக்கறான்னே தெரியல. வெள்ளிக்கெழம, பதினொண்ணர மணி பஸ்ஸு வாரதுக்குக் கொஞ்சம் முன்ன, செரின்னு தலைய ஆட்டுனா. கை அப்படியே உழுந்துருச்சு. உசுரும் அப்பவே போயிருச்சுங்க."

அர்த்தநாரி சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.