நேசன் அண்ணை எழுத மறுத்த பதில்

நேசன் அண்ணை காலமான செய்தியை அவருடைய மகள் தொலைபேசியில் டேனிஷ் மொழியில் சொன்னாள். நானும் அவரும் பல வருடங்களாகப் பேசுவதில்லை என்பது பிராண்டே என்ற இந்த டேனிஷ் ஊரில் அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். காரணம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

ஊரில் அவர் வனவிலங்குத் திணைக்களத்தில் இருந்தவர். வெருகல் ஆற்றில் வாழும் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்புகளைக் கணக்கெடுப்பது அவர் வேலை. யுத்தத்தின் கடைசி மாதங்களில், அழியக்கூடிய உயிரினங்களின் பட்டியலைப் புதுப்பிப்பவர்கள் அந்த ஆற்றில் கபரகொய்யாக்களின் நிலை என்ன என்று கேட்டு, இங்கே வந்துவிட்ட அவருக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். என் ஆங்கிலம் நல்லது என்பதால், நாங்கள் இருவரும் வேலைசெய்த தொழிற்சாலைக் கன்டீனில் அதை என் முன்னால் வைத்தார். என் தம்பி அப்போது யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மேசையில் என் கைத்தொலைபேசி அடிக்காமல் கிடந்தது.

"அண்ணை, அங்க சனம் சாகுது. உங்களுக்குக் கபரகொய்யாவோ?"

"ஓம், சாகுது. அதுக்காக நான் காணாததை எழுதேலுமோ? தகவல் போதாது எண்டு போடும்."

"ஆபத்தில்லை எண்டு போட்டா அலுவல் முடிஞ்சுது."

"ஆபத்தில்லை எண்டா பிறகு ஒருத்தரும் அங்க போய்ப் பாக்க மாட்டினம், ஐசே."

வீம்புக்கு 'ஆபத்தில்லை' என்றே எழுதி அவர் பெயரில் அனுப்பினேன். அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது என் காரில் அதைச் சொல்லியும் காட்டினேன். "நிப்பாட்டும்" என்றார். இறங்கி, எதிர்காற்றில் மிச்சத் தூரத்தையும் நடந்தே வந்தார். அன்று பின்னேரமே தன் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி அந்தப் பதிலை மீளப் பெற்றுக்கொண்டார்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் அஞ்சலிக் கூட்டத்துக்கு இறந்தவர்களின் பெயர்களைச் சேர்த்தார்கள். மூன்று வாரங்களாகத் தம்பியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அதற்கு மேல் காத்திருக்க என்னால் முடியவில்லை. அவன் பெயரைக் கொடுத்தேன். மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் நேசன் அண்ணை அந்தத் தாளை எடுத்தார்.

"ஆர் கண்டது?"

"அதைக் கேக்க நீங்கள் ஆர்?"

"செத்தவன் எண்டு எழுதினா இனி ஆர் தேடுவினம்?"

நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். கதிரைகளோடு விழுந்தார். விழுந்தும் தாளை விடவில்லை. தரையில் இருந்தபடியே தம்பியின் பெயரை வெட்டினார். சபையில் என்னைக் குறுக வைத்த அந்தச் செயலை நான் மன்னிக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

பட்டியலில் அந்த ஆற்றுக்கு நேரே 'தகவல் போதாது' என்றே வந்ததாம். பிறகு இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

காணாமல் போனோரைத் தேடும் அலுவலகம் இப்போதும் எனக்குக் கடிதம் எழுதுகிறது: தம்பியின் கோப்பை மூடலாமா? ஒவ்வொரு முறையும் "வேண்டாம், தேடுங்கள்" என்று எழுதிக் கையொப்பமிடுகிறேன். அந்தப் பிடிவாதம் என்னுடையதல்ல. நேசன் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.