அகப்பையில் வந்த செருப்பு

எகிப்தின் ஃபுஸ்தாத் நகரத்தில், தோல்காரர் சந்தில் பெண்கள் வாசல் தாண்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கலீஃபாவின் உத்தரவு அப்படி. பெண்கள் தெருவில் நடக்கக் கூடாது, சாளரத்தில் தலை காட்டக் கூடாது. நடக்காதவளுக்குச் செருப்பு எதற்கு என்று, பெண்களுக்குச் செருப்புத் தைப்பதையும் தடுத்துவிட்டார்கள். கீரையில் ஒரு வகைக்குத் தடை, மீனில் ஒரு வகைக்குத் தடை. எதற்கெல்லாம் தடை என்று சந்தில் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது. முதுகில் சவுக்கு விழுந்த பிறகுதான் இதுவும் அதில் சேர்த்தி என்று தெரியவரும்.

காய்காரனும் ரொட்டிக்காரனும் வாசலில் வந்து கூவுவார்கள். வீட்டுக்காரி கதவை விரல் அளவு திறந்து, ஆள் உயரக் காம்பு வைத்த அகப்பையை வெளியே நீட்டுவாள். அதில் வைத்ததை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஒரு ஊரே அகப்பையில் பிழைத்தது.

அந்தச் சந்தில் வெளியே நடக்க வழியுள்ள ஒரே பெண் துர்ஃபா. இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டுவது அவள் தொழில். அதற்கும் சும்மா போய்விட முடியாது. செத்தவள் வீட்டார் மனு எழுதி, அரண்மனை வாசல்வரை போய் அனுமதி வாங்கி, காவல் தலைவரின் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரவேண்டும். அவர் முன்னால் நடப்பார், இவள் பின்னால் நடப்பாள். நடக்க அனுமதி உண்டு. ஆனால் நடக்கச் செருப்புத் தைத்தால் குற்றம்.

அவள் புருஷன் ஹஸ்ஸூன் செருப்புத் தைக்கிறவன். வெயிலில் நடந்து நடந்து அவள் பாதம் பாளம் பாளமாய் வெடித்ததைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. சிவப்பு ஆட்டுத்தோலில் ஒரு ஜோடி தைத்தான். குதிகாலில் இரட்டைத் தையல், அது அவன் கை அடையாளம். அவள் அதை ஒரு முறைதான் போட்டாள்.

பக்கத்து வீட்டுப் பக்கார் பார்த்துவிட்டான். அவன் அப்போது வேலை வெட்டி இல்லாமல் திரிந்த ஆள். நேரே சந்தை அதிகாரியிடம் போய்ச் சொன்னான். ஹஸ்ஸூனுக்கு நாற்பது சவுக்கடி. பிறகு கழுதைமேல் வால் பக்கம் பார்த்து உட்காரவைத்து, கழுத்தில் ஒரு மணியையும் அந்தச் செருப்பையும் கட்டி, சந்தை முழுக்கச் சுற்றினார்கள். கழுதையைப் பிடித்து நடந்தவன் பக்கார். துர்ஃபா வீட்டு வாசலைக் கடக்கும்போது ஹஸ்ஸூன் ஒரு வாய் தண்ணீர் கேட்டான். கதவிடுக்கில் அவள் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"மொதல்ல ஊர்வலம். அப்புறம் தண்ணி," என்றான் பக்கார்.

அதன் பிறகு ஹஸ்ஸூன் யாரிடமும் பேசவில்லை. முப்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், முப்பத்தோராம் நாள் இல்லை. செருப்பில் அதிகாரியின் முத்திரையைச் சுட்டு, எரித்துவிடச் சொல்லிப் பக்கார் கையில் கொடுத்தார்கள். எரித்தாயிற்று என்று அவனும் எழுதிக் கொடுத்தான். கூடவே, சந்தின் மனுக்களை வாங்கி அனுப்பும் உத்தியோகமும் அவனுக்குக் கிடைத்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர், அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பக்காரின் தாய் உம்மு பக்கார் அந்த ஓட்டை வழியாகத்தான் துர்ஃபாவோடு பேசுவாள். ஹஸ்ஸூன் செத்த வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் பருப்புக் கஞ்சி அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தது. கிழவி நல்லவள், கொஞ்சம் வெகுளி. ஒரு நாள் அவளே சொன்னாள்.

"எம் மவன் எனக்குச் செருப்புக் கொண்டாந்திருக்கான்டி. செவப்பு. குதிகால்ல ரெண்டு தையல் போட்டிருக்கு. வீட்டு முத்தத்துல போட்டு நடக்குறேன்."

துர்ஃபா ஓட்டைக்கு இன்னும் கிட்டே வந்தாள். பிறகு, "கடிக்குதா?" என்று கேட்டாள்.

"பூ மாதிரி இருக்குடி."

அன்றே அவள் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் சந்திலிருந்து போகும் எந்த மனுவும் பக்கார் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். அதைவிட, செருப்பு கிழவி காலில் இருந்தது. சவுக்கு அந்தக் காலையும் விட்டுவைக்காது. கஞ்சி கொடுத்த கைக்கு அவளால் அதைச் செய்ய முடியாது. அதனால் காத்திருந்தாள். எட்டு மாதம். ஒவ்வொரு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்கும். கேட்கக் கேட்க அவளுக்குள் வஞ்சம் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது.

சூடான மணல்காற்று வீசத் தொடங்கிய ஒரு நாள், விடிந்த கொஞ்ச நேரத்தில் பக்கார் கதவைத் தட்டினான். குரல் உடைந்திருந்தது.

"சாச்சி, உம்மா போயிட்டாங்க. வந்து குளிப்பாட்டுங்க. பத்து அடிதானே, யாரு பாக்கப்போறா?"

"நீ பாத்தியே தம்பி," என்றாள் துர்ஃபா, கதவைத் திறக்காமல். "அனுமதிச் சீட்டு எங்க?"

சீட்டு வாங்கி வர மதியம் ஆகிவிடும், இந்தச் சூட்டில் உடம்பு தாங்காது என்று அவன் கெஞ்சினான். தாங்காதுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சீட்டோட எஞ் செருப்பையும் கொண்டா. வெறுங்காலோட வரமாட்டேன்."

அதை எரித்தாயிற்று என்று அவன் சொல்லிப் பார்த்தான். முற்றத்தில் நடந்த சத்தத்தைத் தினமும் கேட்டதாக அவள் சொன்னாள். அனுமதிச் சீட்டு அவளைப் போகவிடுமே தவிர, போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. அது அவனுக்கும் தெரியும். நகரத்தில் இன்னொரு குளிப்பாட்டுகிறவளைத் தேடினால் சாயங்காலம் ஆகும்.

மதியம் வந்தான். காவல் தலைவரின் ஆளான நரைத்த தாடிக்காரர் சந்தின் நடுவில் குடையளவு நிழல் தேடி நின்றார். பக்கார் மட்டும் கதவுப் பக்கம் வந்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, அங்கிக்குள் கைவிட்டான்.

"சாச்சி, அகப்பைய நீட்டுங்க. சீக்கிரம்."

துர்ஃபா அகப்பையை நீட்டினாள். செருப்பு அதில் விழுந்தது. இத்தனை நாள் அந்தச் சந்தில் எல்லா அகப்பையும் உள்ளேதான் போயிருக்கிறது. இது உள்ளே போகவில்லை. மேலே போனது. கூரைக்குச் சமமாய், வெயிலில், சிவப்பாய் நின்றது.

"ஐயா," என்று தாடிக்காரரைக் கூப்பிட்டாள். "உங்க ஆளு எனக்குச் செருப்புக் குடுக்குறாரு. போட்டுக்கலாமான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் வந்தார். செருப்பை எடுத்துத் திருப்பி, அடியில் சுட்டிருந்த முத்திரையைப் பார்த்தார். எரிந்துவிட்டதாக எழுதிக் கொடுத்த பொருள் எப்படி எரியாமல் இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பக்கார் ஓரடி பின்வாங்கினான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, சந்து முனையில் நின்ற காவலர்களைக் கைகாட்டி அழைத்தார்.

பக்கார் கதவிடுக்கைப் பார்த்துத்தான் கெஞ்சினான். "சாச்சி, உம்மாவ அடக்கிட்டு வந்திடறேன். ஒரு வார்த்தை சொல்லுங்க."

துர்ஃபா இப்போது கதவை முழுதாகத் திறந்தாள்.

"மொதல்ல ஊர்வலம், தம்பி. அப்புறம் அடக்கம்."

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பத்து அடி நடந்தாள். கொதிக்கிற மண். தாடிக்காரர் முன்னால் நடந்தார்.

கிழவியை அவள் குறை வைக்காமல் குளிப்பாட்டினாள். இலந்தை இலை கலந்த தண்ணீர் முதலில், கற்பூரத் தண்ணீர் கடைசியில். பாதத்துக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. வெடிப்பே இல்லாத பாதம். ஹஸ்ஸூனின் தோல் காத்த பாதம். "உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

பாடையைச் சந்து ஆண்கள் நால்வர் தூக்கினார்கள். மகன் தோள் அதில் இல்லை. அவர்கள் கல்லறைப் பக்கம் திரும்பியபோது சந்தைப் பக்கமிருந்து கழுதை மணி கேட்டது.

துர்ஃபா தன் வாசலுக்குள் நின்று காத்தாள். மணி கிட்டே வந்தது. கழுத்தில் சிவப்புச் செருப்போடு, வால் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவன் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் கையில் தண்ணீர் நிறைந்த கிண்ணம் இருந்தது, அன்றைக்கு இருந்த அதே கிண்ணம்.

அவன் பார்க்கும்படி அதை வாசல் மண்ணில் மெதுவாகக் கவிழ்த்தாள். மண் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்தினாள்.